கார் ஷெட்டுக்குத் தரை

"தரை மட்டமா வேணுமா, வாட்டமா வேணுமாம்மா?"

கொத்தனார் கேட்டு முடிப்பதற்குள் பெரியவள் பதில் சொல்லிவிட்டாள். "வாட்டம்தான். இதுல என்ன சந்தேகம்? பின்சுவர்ப் பக்கம் தூக்கி, கதவுப் பக்கம் இறக்கிவிடுங்க. அரைச் சாண் வித்தியாசம் இருக்கட்டும். மழையில நனைஞ்சு வர்ற வண்டி. சொட்டுற தண்ணி தானா வெளிய ஓடிடணும்."

"ஆகட்டும்," என்றார் கொத்தனார். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். அதனால் அந்தத் தெருவில் அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"மட்டமா இருந்தா நல்லா இருக்காதாக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற சின்னவள். "அலமாரி வெச்சா ஆடாது. ஜாக்கி போட்டு டயர் கழட்டினா வண்டி உருளாது."

"அலமாரிக்கு அடியில ஒரு சக்கை வெச்சாப் போச்சு. தண்ணிக்கு எதை வெப்பே? வண்டிக்கடியிலயே தேங்கி நிக்கும். வண்டித் தகரத்துல இருக்கிற துரு ஓட்டை போதாதா?"

"ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டா, வண்டி உன்னை விட்டுட்டுத் தெருவுக்குப் போயிடும்."

"யாரைப் பார்த்து என்னடி சொல்றே? ஊருக்கே ஹேண்ட் பிரேக் போடச் சொல்லிக் குடுக்கறவ நான்."

சின்னவள் சிரித்துவிட்டாள். "சரிக்கா. நீ சொன்னா சரி." கொத்தனார் அதற்கும் ஒரு 'ஆகட்டும்' சொல்லிவிட்டு, கரணையைக் கழுவப் போனார்.

பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் அந்த ஊர்ச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் இருப்பார்கள். கைகாட்டாமல் திரும்புகிற யாராவது கண்ணில் பட்டால், "இது நம்ம பிள்ளை இல்லை" என்று சொல்லிக்கொள்வாள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு அமையவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தங்கையோடும் தங்கை கணவரோடும் இருந்தாள். சின்னவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள். விழுந்தவர்களை எழுப்பி, முடங்கிய கைகால்களுக்கு மறுபடி வேலை சொல்லிக் கொடுப்பாள். ஒருத்தி காரை ஓட வைக்கிறாள், ஒருத்தி காலை ஓட வைக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதில் இருவருக்குமே கொஞ்சம் பெருமை உண்டு.

கார் இத்தனை நாளும் தெருவோர மரத்தடியில்தான் நின்றது. மேலே பறவைகள், கீழே மழைத் தண்ணீர். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தகரம் துருப்பிடித்து, காலடியில் தெரு தெரிய ஆரம்பித்தது. "டீச்சர், இந்த ஓட்டை வழியா காலை விட்டே வண்டியை நிறுத்தலாம் போலிருக்கே" என்று ஒரு மாணவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்றைக்குத்தான் வீட்டின் பக்கவாட்டில் கிடந்த காலி இடத்தில் ஒரு கார் ஷெட் கட்டுவது என்று அக்காவும் தங்கையும் பேசி முடித்தார்கள்.

சுவர் எழும்பிய சமயத்தில், ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவள் சொன்னாள்: "இவ்வளவு பெரிய இடம் ஒரே ஒரு காருக்கா? என் நோயாளிங்க நாலு பேரை விட்டு நடை பழக்கலாம்."

பெரியவள் சிரித்தாள். "அப்போ என் கார் எங்கடி தூங்கும்? உன் கட்டில்லயா?"

தங்கை கணவரும் சிரித்தார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் பெரியவள் நினைத்தாள்.

கான்கிரீட் போடும் நாள் நெருங்கியபோது சின்னவளே வந்து சொன்னாள்: "அன்னிக்கு நீ வீட்டுல இருக்காதேக்கா. சிமெண்ட் தூசி உனக்கு ஆகாது, அப்புறம் ராத்திரியெல்லாம் இருமுவே. அந்த வெளியூர் ரோடு கிளாஸை அன்னிக்கு வெச்சுக்கோ. நான் லீவு போட்டுக் கொத்தனார் பக்கத்துலயே நிக்கறேன்."

"லீவா? உனக்குத் தலைவலி வந்தாக்கூட லீவு போடமாட்டியே!"

"உனக்காகப் போடமாட்டேனா?"

காலையில் அவளே சாப்பாடு கட்டி, தண்ணீர் பாட்டிலோடு காருக்குள் கொண்டுவந்து வைத்தாள். அன்று மாணவர்கள் எத்தனை தடவை கிளச்சைத் தவறவிட்டு வண்டியைத் துள்ள வைத்தாலும் பெரியவளுக்குக் கோபம் வரவில்லை. கடவுளே, கூடப்பிறந்தது ஒன்றுதான், ஆனாலும் குறை வைக்காமல் கொடுத்திருக்கிறாய் என்று மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நம்மிடம் யாராவது அன்பாக நடந்துகொண்டால், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்கிற மனம் ஒரு வரம். அந்த வரம் அவளுக்கு நிறையவே இருந்தது.

தரை இறுகும்வரை நனைத்த சாக்குகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் சின்னவளே தண்ணீர் ஊற்றினாள். பெரியவள் வாசலில் நின்று பார்ப்பாள். நாலு சுவருக்கு நடுவே அரைச் சாண் சரிவெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அலமாரி மாட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

சாக்குகளை எடுத்த மறுநாள் விடியும்போதே மழை. முதல் வகுப்பை முடித்துக்கொண்டு பெரியவள் நேராக ஷெட்டுக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வண்டிமேல் மழை விழாத அமைதியே புதிதாக இருந்தது. இன்ஜினை அணைத்தாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

இது அவள் தொழில் பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லித் தருவது ஸ்டியரிங்கையோ கியரையோ அல்ல. ஒரு சாலையில் நிறுத்தி, காலை எடுக்கச் சொல்வாள். "ரோடு எந்தப் பக்கம் இறங்குதுன்னு கண்ணு பொய் சொல்லும். வண்டி பொய் சொல்லாது" என்பாள். இப்போது வண்டி மெதுவாகக் கதவுப் பக்கம் நகரும், உடனே பிரேக்கை அழுத்தி அந்தச் சரிவை ஒரு தடவை அனுபவித்துவிட வேண்டும் என்று காலைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள்.

கார் நகரவில்லை.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று இன்ஜினைப் போட்டு ஒரு அடி முன்னே போய்ப் பார்த்தாள். பின்னே வந்து பார்த்தாள். நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடி நின்றது. கீழே இறங்கினாள். காரிலிருந்து சொட்டிய தண்ணீர் சக்கரங்களைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பரவி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பாவம், அவளையும் ஏமாற்றிவிட்டார் இந்த மனுஷன் என்றுதான் பெரியவளுக்கு முதலில் தோன்றியது. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். கொத்தனார் அங்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் வாட்டம் கேட்டேன். நீங்க மட்டமா போட்டு வெச்சிருக்கீங்க. என் தங்கச்சி பக்கத்துல நிக்கும்போதே கண்ணுல மண்ணைத் தூவிட்டீங்களா?"

கொத்தனார் கரணையைத் தட்டில் வைத்தார். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? மட்டமா போடச் சொன்னதே தங்கச்சிதானே?"

"யாரு?"

"அவங்கதாம்மா. அக்கா சம்மதிச்சாச்சு, காரை வெளியவே விட்டுக்கறேன்னு சொல்லிட்டாங்க, இனிமே இது நோயாளிங்க நடை பழகற இடம்னாங்க. ரசமட்டம் வெச்சு ஒரு நூல் பிசகாம போடச் சொன்னாங்க. கம்பி பிடிச்சு நடக்கத்தானே சுவத்துல ஓட்டை போட்டேன்?" அவர் குரல் தணிந்தது. "உங்களைப் பத்தி வீட்டுல கூடச் சொன்னேன்ம்மா. யாருக்கு வரும் இந்த மனசுன்னு."

குடை பிடித்திருந்த பெரியவளின் கை தானாகத் தாழ்ந்து, மழை தோளில் விழுந்தது.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் அவர், முகம் வெளுத்து. "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்குக் காலையில வந்து, மேலயே ஒரு பூச்சு ஏத்தி வாட்டம் எடுத்துக் குடுத்துடறேன். என் பொறுப்பு."

"வாங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வழியில் மருந்துக்கடை. தங்கை கணவர் அவளைப் பார்த்ததும், அடுக்கியே இருந்த மருந்துப் பெட்டிகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அவருக்கும் தெரியும். பெரியவள் நிற்கவில்லை. ஏமாந்தது ஒரு வலி. தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது அதைவிடப் பெரிய வலி. லீவு போட்டதும், சாப்பாடு கட்டிக் கொடுத்ததும், இருமல் வரும் என்று பதறியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதை எண்ணிக் கடவுளுக்கு நன்றி சொன்னாளோ, அத்தனையும் தன்னை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் செய்த ஏற்பாடு!

மத்தியானம் சின்னவள் வந்தபோது அக்கா ஷெட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கார் நட்டநடுவே நின்றது. சுற்றிலும் தண்ணீர்.

"கார் நகரலைடி," என்றாள் பெரியவள்.

சின்னவள் கைப்பையைக் கழற்றாமலே நின்றாள்.

"நகராதுன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சுடும்னு மட்டும் உனக்குத் தோணலை. வாட்டம் எங்க இருக்குன்னு உட்கார்ந்த இடத்துல கண்டுபிடிக்கிறதுதானே என் பிழைப்பு? அதைக்கூடவா மறந்துட்டே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா."

"எப்போ? நோயாளிங்க வந்து வரிசையில நிக்கும்போதா?"

"ஆமா," என்றாள் சின்னவள். அந்த நேர்மை பெரியவளைத் தூக்கிவாரிப் போட்டது. "அவங்களை நேர்ல பார்த்துட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. உன் மனசு எனக்குத் தெரியாதா?"

"என் மனசு தெரிஞ்சவ, என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். நீ சிரிச்சே."

"சிரிச்சேன். மாட்டேன்னு சொன்னேனா? நீ விளையாட்டாக் கேட்டே, நான் விளையாட்டாச் சொன்னேன். மறுபடி ஒரு தடவை உட்கார வெச்சுக் கேட்டிருந்தா, குடுத்திருப்பேன்டி!"

"குடுத்திருப்பே!" சின்னவளின் குரல் உயர்ந்தது. "நீ எதைத்தான் குடுக்கலை? படிக்க வெச்சே, கல்யாணம் பண்ணி வெச்சே. குடுத்துட்டு, கார்ல ஏறுறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவே. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாம் என்னைப் பார்த்து, 'ஓ, டீச்சர் படிக்க வெச்ச தங்கச்சி நீங்கதானா'ன்னுதான் கேக்கறாங்க. இதையும் உன்கிட்ட வாங்கினா, சாகறவரைக்கும் வாங்கினவளாவே இருக்கணும். எனக்கு ஒரு தடவையாவது கேக்காம எடுத்துக்கணும்னு இருந்துச்சு."

அதில் பொய் இல்லை என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. பெருமையாகச் சொன்னதுதான், ஆனாலும் சொன்னாள்.

"அது உனக்கு வலிச்சிருந்தா, வலிக்குதுக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள். "என் பேர்ல சம்மதம் சொல்லியிருக்கியேடி. நான் சொல்லாத வார்த்தையை என் வாயில வெச்சிருக்கியே. நாளைக்குக் கொத்தனார் வர்றார். வாட்டம் போடச் சொல்லிட்டேன்."

சின்னவள் முகம் சுருங்கியது. "அக்கா, கொஞ்சம் யோசிச்சு..."

"நீ யோசிச்சியா?"

அந்த நேரத்தில் வாசலில் யாரோ செருமினார்கள். மழைக்கோட்டுப் போட்ட ஒரு மனிதர். வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. இடது கையில் ஊன்றுகோல். கூடவே அவர் மனைவி, பாதி நனைந்து.

"நாளைக்குத்தான் வரச் சொன்னீங்க," என்றார் அந்த அம்மாள் சின்னவளைப் பார்த்து. "இவர்தான் கேக்கலை. இடத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடலாம்னு காலையிலேர்ந்து ஒரே பிடிவாதம். ஆஸ்பத்திரில பத்து அடி வைக்கிறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுடறாங்க. எங்க வீட்டுலயோ எல்லா இடமும் மேடும் பள்ளமும்."

அந்த மனிதர் தையல்காரர். பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நூல் கோப்பதுபோல் வந்தன. "அக்கா... இடம் குடுத்தவங்க... இவங்களா?"

சின்னவள் தலை குனிந்தாள்.

அவர் ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முடங்காத ஒரு கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். "கடவுள்... உங்களை... நல்லா வெச்சிருக்கணும்மா."

ஒரு வாழ்த்து இவ்வளவு சுடும் என்று பெரியவள் அறிந்ததில்லை. கொடுக்காத கொடைக்கு வந்த நன்றி அது. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, "எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா" என்று திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. திருப்பிக் கொடுத்தால், தங்கையின் முகத்தில் கரி பூசியதாக ஆகும். அதுதான் நியாயம் என்று ஒரு மனம் சொன்னது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அந்த மனிதர் இன்னும் கையை இறக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டியை வெளிய எடுக்கணும்," என்றாள் பெரியவள்.

காரைப் பின்னால் எடுத்து மழையில் தெருவோரம் நிறுத்தினாள். திரும்பி வந்து, தண்ணீர் தள்ளும் கட்டையை எடுத்தாள். வாட்டம் இல்லாத தரையில் தண்ணீர் ஒரு அடி போனால் அரை அடி திரும்பி வந்தது. சின்னவள் ஓடிப்போய்ப் பழைய துணிகளைக் கொண்டுவந்து மண்டிபோட்டுத் துடைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், தரை காயும்வரை வேலை செய்தார்கள்.

தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சின்னவள் ஒரு கை தூரத்தில் கூடவே போனாள். பெரியவள் வாசலில் நின்றாள். அவர் ஒரு இடத்தில் தடுமாறியபோது, அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மாணவர்கள் தடுமாறும்போது பக்கத்து இருக்கையில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அழுத்துகிற கால் அது.

"காலைப் பார்க்காதீங்க," என்று அவளையும் அறியாமல் சொன்னாள். "நேரா முன்னால பாருங்க. அவசரமே இல்லை. பின்னால யாரும் ஹாரன் அடிக்கல."

அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அவர்கள் போன பிறகு சின்னவள் மெல்லச் சொன்னாள்: "ரொம்ப நன்றிக்கா."

"உனக்காக வண்டியை எடுக்கல."

"தெரியும்."

மழை விட்டிருந்தது. சின்னவள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்காவுக்கு நேராக வந்து நின்றாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பாளே, அதே நிற்பு.

"இந்த இடத்தை எனக்குக் குடுப்பியாக்கா?"

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்திருந்தால், பெரியவள் அவள் காதைத் திருகி, "எடுத்துக்கோடி" என்றிருப்பாள். அந்த வார்த்தை இப்போதும் உள்ளே இருந்தது. எங்கேயோ சிக்கிக்கொண்டு மேலே வரமாட்டேன் என்றது.

"தெரியலைடி," என்றாள். "கொத்தனாரை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன். தினமும் காலையில வண்டியை நானே வெளிய எடுக்கறேன். அவங்க நடந்துட்டுப் போகட்டும். சாயங்காலம் உள்ள விட்டுக்கறேன். அதுக்கு மேல இப்போ என்னைக் கேக்காதே."

"அப்போ எப்போ கேக்கட்டும்?"

"நாளைக்குக் கேளு. நாளைக்கும் தெரியலைன்னு சொன்னா, நாளன்னிக்குக் கேளு."

சின்னவள் தலையசைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பெரியவளுக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

சாயங்காலம் பெரியவள் கைகால் கழுவிக்கொண்டு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாள். அவள் பிரார்த்தனை நீளமானது அல்ல. வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்களைப் பார்த்துக்கொள் என்பாள், அவ்வளவுதான். முதலில் வருவது எப்போதும் தங்கையின் பெயர். இன்று அந்தப் பெயரை விட்டுவிட்டு, காலையில் ஓட்டக் கற்க வந்தவர்களைச் சொன்னாள். கொத்தனாரைச் சொன்னாள். பெயர் தெரியாத தையல்காரரையும் அவர் மனைவியையும் சொன்னாள். மருந்துக்கடைக்காரரைக்கூடச் சொன்னாள். எல்லாரும் முடிந்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. சமையலறையில் சின்னவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்றது. பிறகு, கேட்கக் கூடாது என்பதுபோல் மெதுவாக மறுபடி ஆரம்பித்தது.

பிறகு பெரியவள் வரிசையின் கடைசியில், அந்தப் பெயரையும் சொன்னாள்.